மேலே வேலை நடக்கும்போது கீழே யார்?

வாசகர் கேள்வி – பதில்

மலைச்சாலையை அகலப்படுத்தும் வேலையில் கல் விழுந்து யாருக்கும் அடிபடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டு இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பாறைச் சரிவு வெட்டும் வேலையில் நான் முப்பத்தோரு வருடம் இருந்தேன். முதல் ஆறு வருடம் கயிற்றில் தொங்கிக்கொண்டு கடப்பாரை பிடித்தேன். மீதி வருடங்கள் கீழே நின்று வேலையை நடத்தினேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். எழுதியவர்களில் பலர் இப்போதும் தளத்தில் இருப்பவர்கள் என்பதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: எங்கள் தளத்தில் சரிவு 18 மீட்டர் உயரம். மேலே பொக்லைன் வைத்துச் சீவுகிறோம். கீழே வடிகால் துளை போடும் குழு நிற்கிறது. நாள் குறைவு என்பதால் இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் நடத்தச் சொல்கிறார்கள். எல்லாருக்கும் ஹெல்மெட் இருக்கிறது. நடத்தலாமா? – தள மேற்பார்வையாளர்

நடத்தக் கூடாது. மற்ற கேள்விகளுக்கெல்லாம் இடத்தைப் பொறுத்து பதில் மாறும். இதற்கு மட்டும் மாறாது.

முதலில் ஹெல்மெட். பரவலாகப் பயன்படும் ஈஎன் 397 என்ற ஐரோப்பியத் தரத்தில், 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து ஹெல்மெட்டின் உச்சியில் போட்டுச் சோதிக்கிறார்கள். அந்த அடியின் ஆற்றல் 49 ஜூல். ஒரு கிலோ கல், அதாவது கைக்குள் அடங்கிவிடும் கல், 5 மீட்டரிலிருந்து விழுந்தாலே அதே 49 ஜூல் வந்துவிடும். உங்கள் 18 மீட்டரிலிருந்து விழுந்தால் 176 ஜூல். அதுவும் கல் ஒழுங்காக உச்சந்தலையில் விழுந்தால்தான் இந்தக் கணக்கு. தோளில் விழலாம், குனிந்திருப்பவனின் கழுத்தில் விழலாம். சிறு சில்லுகளுக்கு ஹெல்மெட் உதவும், கட்டாயம் போட வேண்டும். ஆனால் அதைக் காட்டி ஓர் ஆளைச் சரிவின் அடியில் நிறுத்த முடியாது.

என் ஒன்பதாவது வருடத்தில் இதே போல ஒரு நாள் நெருக்கடி. மேலே சீவுகிற குழு, கீழே டிரில்லிங் குழு, இரண்டு மணி நேரம் மட்டும் சேர்ந்து போகட்டும் என்று முடிவு செய்தோம். இரண்டு கைகளால் தூக்கும் அளவு கல் ஒன்று வந்தது. நேராக வந்திருந்தால் பாறையின் அடியிலேயே விழுந்திருக்கும். பாதி வழியில் சிறு திட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதில் பட்டு வெளிப்பக்கமாகத் திரும்பியது. மேலே இருந்தவர்கள் கத்தினார்கள். கம்ப்ரசர் இரைச்சலில் கீழே இருந்த பையனுக்கு எதுவும் கேட்கவில்லை. வலது தோளில் அடி. உயிர் பிழைத்தான். அந்தக் கை மட்டும் அதற்குப் பிறகு தோளுக்கு மேல் உயரவே இல்லை. அன்றைய வேலைத் திட்டத்தில் இருந்த கையெழுத்து என்னுடையது.

சரி, நாள் குறைவாக இருக்கிறது, என்ன செய்வது? சாலையின் நீளவாக்கில் தளத்தைப் பிரியுங்கள். ஒரு பகுதியில் மேலே வேலை நடக்கட்டும், துளை போடும் குழு பக்கவாட்டில் தள்ளி இன்னொரு பகுதிக்குப் போகட்டும். எவ்வளவு தள்ளி என்பதைப் பாறையிடமே கேட்க வேண்டும். சாலையை முழுக்க அடைத்து, கீழே ஒருவரும் இல்லை என்று உறுதி செய்த பிறகு, எப்படியும் இறக்க வேண்டிய தளர்ந்த கற்களை ஒவ்வொன்றாக இறக்கி, அவை எங்கே போய் நிற்கின்றன என்று சுண்ணாம்பால் குறியுங்கள். நான் நடத்திய தளங்களில் அந்தக் குறிக்கு அப்பால், சரிவின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது கூடுதலாக விட்டோம். பிரிக்க இடமே இல்லையென்றால் நேரத்தைப் பிரியுங்கள். காலையில் மேல் வேலை. அது நின்றதும் வெட்டிய பாறையின் முகத்தில் தங்கிய கற்களைத் தட்டி இறக்குவது. அதன் பிறகுதான் கீழ்க்குழு உள்ளே வரலாம். நடுவில் உள்ள அந்தத் தட்டி இறக்கும் வேலையை நேரம் போதவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். மேல் வேலை நின்ற அரை மணி நேரத்தில், யாரும் தொடாமலே கல் இறங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

உங்களிடம் சொல்பவர் உங்களுக்கு மேல் அதிகாரி என்றால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு நின்றுவிடும்.

கேள்வி: எந்தக் கல் விழும் என்று பார்த்தவுடன் எப்படித் தெரிந்துகொள்வது? படித்தது தளத்தில் நிற்கும்போது கைகொடுக்கவில்லை. – வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான பொறியாளர்

உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் எங்கே பார்ப்பது என்று பழகிக்கொள்ளலாம்.

நான் முதலில் தரையைத்தான் பார்ப்பேன். தினமும் வேலை முடிந்ததும் சரிவின் அடியைச் சுத்தமாகப் பெருக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் மறுநாள் காலையில் கிடக்கும் கல் புதிதாக விழுந்தது என்று தெரியும். பெருக்காத தரையில் பத்துக் கல் கிடந்தாலும் அது உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். உடைந்த பக்கம் பளிச்சென்று இருந்தால் பாறை இப்போதுதான் உடைந்திருக்கிறது. பழுப்புக் கறையும் பாசியும் மண்ணும் ஒட்டியிருந்தால் அது ஏற்கெனவே பிளந்திருந்த விரிசலிலிருந்து கழன்று வந்தது. அப்புறம் நிமிர்ந்து அது வந்த இடத்தைத் தேடுங்கள். அந்த இடத்துக்குப் பக்கத்திலும் மேலேயும் இருக்கும் கற்களுக்கு இப்போது பிடிமானம் ஒன்று குறைந்திருக்கிறது.

அடுத்தது சுத்தியல். கை எட்டும் இடத்தில் தட்டுங்கள். உறுதியான பாறை கணீரென்று திரும்பப் பேசும், சுத்தியல் துள்ளும். பின்னால் பிளவு இருந்தால் சத்தம் பொத்தென்று அடங்கிவிடும். ஒரு வாரம் தட்டினால் காது பழகிவிடும்.

மூன்றாவது, பிளவுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பது. ஒரு புத்தகத்தின் மேல் இன்னொன்றை வைத்து, மெல்ல உங்கள் பக்கம் சாய்த்துப் பாருங்கள். ஒரு கட்டத்தில் மேல் புத்தகம் வழுக்கும். பாறைப் பிளவுகளுக்கும் அப்படி ஒரு கோணம் உண்டு. பல பாறைகளில் அது 30 டிகிரியை ஒட்டி இருக்கும். பிளவுக்குள் களிமண் இருந்தால் அதைவிடக் குறையும். பிளவு சாலைப் பக்கம் அந்தக் கோணத்தைவிட அதிகமாகச் சாய்ந்து, நீங்கள் அதைவிடச் செங்குத்தாக வெட்டினால், பிளவின் கீழ் முனை வெட்டுமுகத்தில் வெளியே தெரியும். மேலே இருக்கும் கல்லின் காலை நீங்கள் எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டு பிளவுகள் ஆப்பு போலச் சந்தித்தாலும் இதே கதைதான். பிளவுகள் மலைப்பக்கம் செங்குத்தாகச் சாய்ந்திருந்தால் வழுக்காது, ஆனால் அடுக்கி வைத்த பலகைகள் போல ஒவ்வொன்றாக முன்னால் கவிழும். இந்த மூன்றையும் வெட்டுவதற்கு முன்பே வரைந்து பாருங்கள். வெட்டிய பிறகு கண்டுபிடித்தால் நீங்கள் ஏற்கெனவே அதன் கீழே நிற்கிறீர்கள்.

கடைசியாகத் தண்ணீர். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சரிவின் உச்சியில் 1 மீட்டர் ஆழ விரிசல் ஒன்று மழையில் நிரம்பினால், விரிசலின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் அரை டன் விசையில் தண்ணீர் பாறையை வெளியே தள்ளுகிறது. விரிசல் 3 மீட்டர் ஆழம் என்றால் விசை மூன்று மடங்கு இல்லை, ஒன்பது மடங்கு. நாலரை டன். அதனால்தான் வெட்டத் தொடங்குவதற்கு முன்பே மேலே ஒரு தடுப்பு வாய்க்கால் போட்டு மழைநீரைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும் என்று நான் எப்போதும் பிடிவாதம் பிடித்தேன். வேலை முடிவில் போடலாம் என்று அதைத் தள்ளிவைப்பது வழக்கமாகிவிட்டது. பாறை மிகவும் பலவீனமாக இருப்பது வேலை நடக்கும் அந்த மாதங்களில்தான். விரிசல்களை அதுவரை தார்ப்பாய் போட்டு மூடவாவது செய்யுங்கள்.

விரிசலின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஓர் ஆணி அடித்து இடைவெளியைத் தினமும் அளப்பது நல்ல பழக்கம். அதில் எவ்வளவு விரிந்தது என்பதைவிட, விரியும் வேகம் கூடுகிறதா என்று கவனியுங்கள். ஒரு நாள் 1 மில்லிமீட்டர், அடுத்த நாள் 2, அதற்கடுத்த நாள் 4 என்று போனால் அடுத்த அளவுக்காகக் காத்திருக்காமல் எல்லாரையும் வெளியே கொண்டுவாருங்கள். ஆனால் சிறு கற்கள் இப்படி எந்த முன்னறிவிப்பும் தராமலே விழும். ஆணி அசையவில்லை என்பதற்காகக் கீழே போய் நிற்காதீர்கள்.

கேள்வி: கனரக லாரிகள் போகும் அதிர்வில்தான் கல் விழுகிறது என்று எங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். லாரிகளை நிறுத்தினால் போதுமா?

போதாது. கலிஃபோர்னியா நெடுஞ்சாலைகளில் கல் விழுந்த 308 நிகழ்வுகளின் காரணங்களைப் பிரித்து 1985இல் ஓர் ஆய்வு வந்தது. மழை 30 சதவீதம். விரிசலில் தண்ணீர் உறைந்து உருகுவது 21 சதவீதம். நொறுங்கிய பாறை 12, காற்று 12, உருகும் பனி 8. வளை தோண்டும் விலங்குகளுக்குக்கூட 2 சதவீதம் இருக்கிறது. லாரி அதிர்வு 0.3 சதவீதம், அதாவது 308இல் ஒன்று. காற்று ஏன் இவ்வளவு என்று தோன்றும். விளிம்பில் நிற்கும் மரம் ஆடும்போது அதன் வேர் நெம்புகோல் போலக் கல்லை அசைக்கிறது.

அவை வேலை நடக்காத சாதாரணச் சாலைகள். உங்கள் தளத்தில் பாறையை நேரடியாக உடைக்கும் பிரேக்கரும் வெடியும் இருக்கின்றன. அவற்றை லாரியோடு சேர்த்து எண்ணாதீர்கள்.

கேள்வி: என் தம்பி கயிற்றில் தொங்கித் தளர்ந்த கற்களை இறக்கும் வேலைக்குப் போயிருக்கிறான். வேண்டாம் என்று சொன்னால் கேட்கமாட்டான். அவனிடம் நான் என்ன கேட்க வேண்டும்? – ஒரு அக்கா

நான் ஆறு வருடம் செய்த வேலை அது. சரியாகச் செய்தால் திரும்பி வரலாம். அவனிடம் இவற்றைக் கேளுங்கள்.

எத்தனை கயிறு? இரண்டு என்று சொல்ல வேண்டும். ஒன்று வேலை செய்ய, ஒன்று காப்பாற்ற. இரண்டும் தனித்தனியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரே மரத்தில் இரண்டையும் கட்டினால் அது ஒரு கயிறுதான். எதில் கட்டுகிறார்கள்? விளிம்பிலிருந்து பின்னால் தள்ளி, உறுதியான பாறையில் துளையிட்டு இறக்கிய போல்ட் நல்லது. விளிம்பை ஒட்டிய பாறையில் கட்டுவது, இறக்கப் போகும் கல்லிலேயே உயிரைக் கட்டுவது போல. கயிறு பாறை முனையில் உரசும் இடத்தில் உறை போட்டிருக்கிறார்களா?

அப்புறம், எங்கிருந்து தொடங்குகிறான்? மேலிருந்து கீழே, அதுவும் முதலில் விளிம்பு. தன் தலைக்கு மேலே ஒரு தளர்ந்த கல்லை விட்டுவிட்டுக் கீழே இறங்கவே கூடாது. இறங்கும்போது அசையும் கயிறே அந்தக் கல்லைத் தட்டிவிடும். கடப்பாரை போடும்போது கல்லுக்கு நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில், கல்லின் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலோ இருக்க வேண்டும். இருவர் தொங்கினால் ஒரே மட்டத்தில் தொங்க வேண்டும்.

எவ்வளவு நெம்பியும் அசையாத பெரிய கல்லோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். விரிசலில் தட்டையான காற்றுப் பையைச் செருகி, தூரத்திலிருந்து கம்ப்ரசரால் ஊதி நகர்த்தலாம். அதுவும் முடியாவிட்டால் அதை அங்கேயே போல்ட் போட்டு நிறுத்திவிடலாம். என் காலத்தில் அந்தப் பை எங்களுக்குக் கிடைக்கவில்லை. கையால் நெம்பினோம். கல் நகரும் கடைசி நொடியில் கடப்பாரை திருப்பி அடிக்கும். அதில் எனக்கு இரண்டு பல் போனது. கடப்பாரையை இடுப்போடோ, கயிற்றை மாட்டும் உடல்பட்டையான ஹார்னஸோடோ கட்டிக்கொள்கிறானா என்று கேளுங்கள். கட்டக் கூடாது. அது தனிக் கயிற்றில் தொங்க வேண்டும். கல்லோடு போகும்போது கையை விட்டால் போய்விட வேண்டும், இவனை இழுக்கக் கூடாது.

கேள்வி: சரிவு முழுக்கக் கம்பி வலை போட்டு, மேலே சிமென்ட் கலவை பீய்ச்சியடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே?

வலையில் இரண்டு வகை. மேலே மட்டும் கட்டித் திரை போலத் தொங்கவிடுவது ஒன்று. கல் விழும், ஆனால் வலைக்கும் பாறைக்கும் நடுவே வழிந்து அடியில் வந்து சேரும். கல் விழாமல் அது தடுக்காது, எங்கே விழ வேண்டும் என்று வழிகாட்டுகிறது. மற்றது, போல்ட் அடித்துப் பாறையோடு இறுக்கிக் கட்டுவது. இது கல்லை இருந்த இடத்திலேயே பிடிக்கும். முதல் வகையைப் போட்டுவிட்டு இரண்டாவது வகையின் வேலையை எதிர்பார்ப்பவர்கள் அதிகம். தொங்கும் வலையின் அடியில் சேர்ந்த கல்லை அள்ளாமல் விட்டால் எடை ஏறி, மேலே கட்டிய பிடிப்பையே இழுத்துவிடும்.

சிமென்ட் கலவையின் ஆபத்து தண்ணீர்தான். மேலே கணக்குச் சொன்னேன். வெளியேறும் வழியை மூடிவிட்டால் அந்த டன் கணக்கான அழுத்தம் உள்ளேயே தேங்கும். வடிகால் துளை இல்லாத பூச்சு வேண்டவே வேண்டாம். இன்னொரு சிக்கல், பூசிய பிறகு பாறை கண்ணுக்குத் தெரியாது. தளர்ந்த கல்லை இறக்காமல் அதன் மேலேயே பூசுவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு சுத்தியலுக்கும் வேலை இல்லாமல் போகிறது.

கீழே தடுப்பு வேலி வைக்கிறீர்கள் என்றால் கணக்குப் போட்டு வையுங்கள். 30 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கல் சுமார் 70 கிலோ. 20 மீட்டர் விழுந்தால் 14 கிலோஜூல். பக்கம் 1 மீட்டர் என்றால் எடை இரண்டரை டன்னுக்கு மேல், ஆற்றல் 520 கிலோஜூல். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் ஒரு டன் காரின் ஆற்றல் சுமார் 140 கிலோஜூல்தான். கிட்டத்தட்ட நான்கு கார்கள் ஒன்றாக வந்து மோதுவதைத் தகரத் தடுப்பும் மணல் மூட்டையும் தாங்காது. இதற்கென்றே செய்த வளையும் வேலிகளை ஐரோப்பாவில் 100 கிலோஜூலிலிருந்து 4500-க்கு மேல் வரை வகை பிரித்துச் சோதிக்கிறார்கள். உங்கள் சரிவின் மிகப் பெரிய தளர்ந்த கல் எது என்று அளந்த பிறகு வகையைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: சரிவின் அடியில் விட்டிருக்கும் பள்ளத்தை நிரப்பி, இயந்திரங்கள் நிற்க இடமாக்கிக்கொண்டோம். தவறா?

தவறு. இந்த வாரமே தோண்டுங்கள்.

அந்தப் பள்ளம் கல்லுக்கான இடம். 1963இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஆர்தர் ரிச்சி என்பவர் சரிவுகளில் கற்களை உருட்டிவிட்டு, அவை எப்படி இறங்குகின்றன என்று படம் பிடித்து ஆராய்ந்தார். செங்குத்தான முகத்தில் கல் நேராக விழுகிறது. சாய்வு குறைந்தால் துள்ளுகிறது. இன்னும் குறைந்தால் உருளுகிறது. துள்ளும் சரிவுதான் மோசம், கல் சாலையை நோக்கிப் பாய்கிறது. பின்னர் ஓரிகன் மாநிலத்தில் 11,250 கற்களைப் பல உயரங்களிலிருந்தும் சாய்வுகளிலிருந்தும் விட்டுப் பார்த்து, 2001இல் பள்ளத்தின் அகலத்துக்கு வழிகாட்டி வெளியிட்டார்கள். பள்ளத்தின் தரை சரிவை நோக்கிச் சாய்ந்திருந்தால், சமதரையைவிடக் கல் அருகிலேயே நிற்கிறது.

நிரம்பிய பள்ளத்தில் வேறொரு தீங்கும் உண்டு. சேர்ந்த கற்குவியல் சாய்தளமாக மாறி, அடுத்த கல்லைச் சாலைக்கு அனுப்புகிறது. சரிவின் நடுவே வெட்டும் படிகளுக்கும் இதே விதிதான். சேரும் கல்லை அள்ள வழியில்லாத படியை வெட்டாமல் இருப்பதே மேல்.

கேள்வி: வெடி வைத்து நாலு நாள் கழித்து, யாரும் இல்லாத நேரத்தில் ஒரு பெரிய கல் இறங்கியது. வெடிதான் காரணமா? – சரிவுக்கு அருகில் வசிப்பவர்

இருக்கலாம். வெடியின் வாயு பாறைக்குள் இருக்கும் விரிசல்களில் புகுந்து அவற்றைத் திறந்துவிடும். கல் உடனே விழாமல், மழைக்கோ இரவின் குளிருக்கோ காத்திருக்கும். முறையாகச் செய்பவர்கள் இறுதி முகத்தின் கோட்டில் நெருக்கமாகத் துளை போட்டு, லேசான மருந்து வைத்து, அதை முதலில் வெடிப்பார்கள். அதனால் ஒரு மெல்லிய பிளவு உண்டாகும். பெரிய வெடியின் சேதம் அதைத் தாண்டிப் பின்னால் போவது குறையும். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் முகத்தைத் தட்டி இறக்கினார்களா, அதை யார் பார்த்துக் கையெழுத்திட்டார் என்று வேலை நடத்துபவர்களிடம் கேளுங்கள். அருகில் வசிக்கும் உங்களுக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

கேள்வி: வேலை நடக்கும் இடத்தில் கொடி காட்டி வண்டிகளை நிறுத்துகிறார்கள். கால் மணி நேரம் சரிவின் அடியிலேயே காத்திருந்தோம். – பேருந்து ஓட்டுநர்

நீங்கள் எழுதியதற்கு நன்றி. நிறுத்துகிற ஆள் தன் கொடியைப் பார்க்கிறாரே தவிர, வரிசையின் வால் எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தால் ஆபத்தான இடத்தைச் சில வினாடிகளில் கடந்துவிடும். நிறுத்தினால் அதே இடத்தில் நாற்பது பேர் கால் மணி நேரம். நிறுத்தும் இடம் சரிவுக்கு வெளியே இருக்க வேண்டும், வரிசை நீளும்போதும். அடுத்த முறை கொடிக்காரரிடம் சொல்லிவிட்டு, சரிவுக்கு முன்பாகவே, பாறை இல்லாத இடத்தில் நில்லுங்கள். பின்னால் இருப்பவர்கள் ஹார்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

கேள்வி: மழை நின்று எத்தனை மணி நேரத்தில் வேலை தொடங்கலாம்?

மணிக்கணக்கை வைத்துத் தொடங்காதீர்கள். முகத்தில் நீர்க்கசிவு குறைந்திருக்கிறதா, கலங்கலாக வந்தது தெளிந்திருக்கிறதா, பெருக்கிய தரையில் புதுக் கல் இருக்கிறதா என்று பார்த்து, விளிம்பு வரை ஒருவர் நடந்து வந்த பிறகு தொடங்குங்கள். புதிய இடத்தில் திடீரென்று தண்ணீர் வந்தாலும், தினமும் வந்த இடத்தில் திடீரென்று நின்றாலும் அன்றைக்கு வேலை வேண்டாம். நின்றுபோனது உள்ளே எங்கோ அடைத்திருக்கலாம்.

கேள்வி: எனக்குப் பத்தொன்பது வயது. மேலே பார்த்து எச்சரிக்கை செய்யும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். சும்மா நிற்கிற வேலை என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

தம்பி, அந்தத் தளத்தில் மற்றவர்கள் குனிந்து வேலை செய்ய முடிவதே நீ நிமிர்ந்து நிற்பதால்தான். யாராவது கம்பி பிடிக்கக் கூப்பிட்டால் போகாதே. தண்ணீர் கொண்டுவரச் சொன்னாலும் போகாதே. உனக்கு வேறு வேலை கொடுத்தால், முதலில் உன் இடத்தில் இன்னொருவரை நிறுத்தச் சொல்.

சரிவுக்கு நேர் கீழே நிற்காதே. முகம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும்படி பக்கவாட்டில் தள்ளி நில். சூரியன் கண்ணில் அடிக்கும் நேரத்தில் இடம் மாறிக்கொள். அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே பாறையைப் பார்த்தால் கண் பார்த்துக்கொண்டே இருக்கும், மனம் பார்க்காது. மாற்று ஆள் கேள். பெரிய கல்லை மட்டும் எதிர்பார்க்காதே. பொடி மண் கொட்டுவது, சிறு சில்லு துள்ளுவது, கிளை அசைவது, பறவைகள் ஒரே நேரத்தில் எழும்புவது, எதைக் கண்டாலும் விசிலை ஊது. நீ ஊதிப் பத்து முறை ஒன்றும் விழாமல் போனாலும் பதினோராவது முறையும் ஊது. அதற்காக யாராவது திட்டினால் மேற்பார்வையாளரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு.

ஓட வேண்டிய வழியைக் காலையிலேயே எல்லாரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். பாறையிலிருந்து விலகி நேராக ஓடினால் துள்ளி வரும் கல்லும் அதே பக்கம்தான் வரும், அதனால் பக்கவாட்டில்தான் ஒதுங்க வேண்டும். அந்த வழியில் ஹோஸ் பைப்பும் கம்பியும் கிடக்கக் கூடாது.

18 மீட்டரிலிருந்து நேராக விழும் கல் தரையைத் தொட இரண்டு வினாடிக்கும் குறைவு. இதை மனதில் வைத்து, நாளைக் காலையில் கல் விழாத, மேல் வேலை தொடங்காத நேரத்தில், டிரில்லும் கம்ப்ரசரும் ஓடும்போது ஒரு முறை ஊதிப் பார். கீழே இருக்கும் ஒவ்வொருவரும் நிமிர எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணு. ஒருவர் நிமிரவில்லை என்றாலும் விசில் போதாது. காற்று ஹார்ன் கேள், சுழலும் விளக்கு கேள், டிரில் பிடிப்பவரின் முதுகைத் தட்ட ஓர் ஆளைக் கேள். கிடைக்கும் வரை டிரில்லை நிறுத்தி வைக்கச் சொல்.